அந்த வியாழக்கிழமை மாதிரி

வெண்டலும் நானும் பல வருஷம் கணவன் மனைவியாக நின்றோம். வாழ்ந்தோம் என்று சொல்லவில்லை, நின்றோம் என்றுதான் சொல்கிறேன். யாரும் அவசரப்பட்டு வாயைப் பிளக்க வேண்டாம். ஹாலிவுட் பக்கத்துப் பர்பாங்க் ஸ்டுடியோக்களில் எங்கள் வேலையே நிற்பதுதான். நகைச்சுவைத் தொடர் எடுக்கும்போது பெரிய நடிகர்களை நாள் பூராவும் விளக்கின் கீழே காயப்போட முடியாதல்லவா? அதனால் அவர்கள் உயரத்துக்கும் நிறத்துக்கும் பொருத்தமாக ஓர் ஆளைப் பிடித்து அவர்கள் இடத்தில் நிறுத்துவார்கள். தரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கலரில் டேப் ஒட்டியிருக்கும். அதன்மேல் நின்று வசனத்தைச் சொல்லி, அடுத்த டேப்புக்கு நடந்து, மறுபடி நின்று, கேமராக்காரர்கள் அளவெடுத்து முடித்ததும் ஓரமாகப் போய் உட்கார்ந்து காப்பி குடிப்போம். நடிகர் வந்து அதே டேப்பில் நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். நடிக்கக் கூடாது. வசனத்தைச் சொல்லலாம், பேப்பரைப் பார்த்துப் படிக்கிற மாதிரி. கொஞ்சம் உணர்ச்சியைக் கலந்தால் போதும், நடிகருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், மறுவாரம் நம் இடத்தில் வேறு ஆள் நிற்பார். எனக்கு அதில் கஷ்டமே இல்லை. நான் இங்கேயே பக்கத்தில் சன் வேலியில் பிறந்தவள், ரமோனா எஸ்கோபெடோ, எனக்கு நடிப்பு ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது, கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

வெண்டலுக்கு ஆசை இருந்தது. நெப்ராஸ்காவிலிருந்து இருபது சொச்சம் வயதில் நடிகனாக வந்த ஆள். ஒரே ஒரு விளம்பரத்தில் வாயைத் திறந்திருக்கிறார், அதுவும் பல்வலிக்காரராக. பெரிய காது, நீள முகம், எல்லோரிடமும் பெயர் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்கிற குணம். சட்டைப்பையில் எப்போதும் அவித்த முட்டை ஒன்று இருக்கும்; பேச்சுக்கு நடுவே எடுத்து உரித்துத் தின்பார், உப்புகூட இல்லாமல். எனக்குக் குமட்டும். பெண்டாட்டி டூசானுக்குப் போய்விட்டாள், சண்டை ஒன்றும் இல்லை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வாழ்த்து அனுப்பிக்கொள்வார்கள். நார்த் ஹாலிவுட்டில் ஒரு லாண்டிரிக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. சில வருஷத்துக்கு ஒரு தடவை வரும். "பேட்டரி போச்சு ரமோனா" என்பார். குளிக்க மாட்டார், சாப்பிட மாட்டார், போனை எடுக்க மாட்டார். மனச்சோர்வு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஸ்டுடியோவில் இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நிற்கிற ஆள் நிற்காமல் போய்விடுவான் என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தானா அந்தத் தொடர் வந்து வாய்க்க வேண்டும்? மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த கஸ் என்பவன் அக்கா வீட்டின் கீழ்த்தள அறையில் வந்து குடியேறுகிறான். அவனுடைய மனச்சோர்வுதான் நகைச்சுவை. வாராவாரம் சிரிக்க வேண்டும். கஸ்ஸாக நடித்தவர் கிரேடி என்கிற பெரிய நடிகர், அவருக்கு வெண்டல் நிற்பார். அக்காவாக நடிக்கிற அம்மாளுக்கு நான். கணவன் மனைவியாக இருந்த நாங்கள் ஒரே ராத்திரியில் அக்கா தம்பி ஆனோம்.

முதல் கதையைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வியாதிக்காரனைக் கிண்டல் பண்ணிப் பிழைக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பா? சர்க்கரை வியாதிக்காரனை வெச்சு இப்படிப் பண்ணுவாங்களா?" என்று காரில் கத்தினேன். பக்கத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்த வெண்டல் என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்குப் பிடிச்சிருக்கு ரமோனா. பல் தேய்ச்சதை ஒரு பெரிய செய்தியா வந்து சொல்றான் பாரு அந்த கஸ், நான் அப்படியே உக்காந்துட்டேன். இதை டிவியில யாராவது சொல்வாங்கன்னு நான் நினைக்கவே இல்லை."

"உன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கய்யா!"

"என்னைப் பாத்தா? என்னோடயா? அதுதான் எனக்கும் சரியாத் தெரியலை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பேட்டரி போய்விட்டது. சாவி என்னிடம் இல்லை. கதவைத் தட்டித் தட்டி, கீழே லாண்டிரிக்காரி எட்டிப் பார்த்துத் திட்டின பிறகுதான் திறந்தார். சவரம் இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். முட்டையும் இல்லை. அன்று வியாழக்கிழமை, கேமரா வைத்துப் பார்க்கிற நாள். "இன்னிக்கு வராதே, நான் ஏதாவது சொல்லிக்கறேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரக் காட்சி ஒன்று எழுதுகிறவர்களைப் படுத்திக்கொண்டிருந்தது. கஸ் மாலை நேரத்தில் குளியல் அங்கியோடு மாடியேறி வருகிறான், அக்கா விசாரிக்கிறாள். முந்தின நாள் ஒத்திகையில் கிரேடி தோளைத் தொங்கப்போட்டு, உதட்டைப் பிதுக்கி, அழுகிற குரலில் பேசினார். ஒரு ஈ காக்கா சிரிக்கவில்லை. எழுத்தாளர்களுக்குத் தலைவி மாரென், முப்பத்தைந்து வயது இருக்கும், நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை வெண்டல் நீல டேப்பில் நின்றார். நான் பச்சை டேப்பில்.

"இன்னைக்கு என்ன பண்ணின?" என்று படித்தேன்.

"எழுந்தேன்" என்றார் வெண்டல்.

"அப்புறம்?"

"எதுக்கு எழுந்தோம்னு யோசிச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரியறதுக்குள்ள இருட்டிடுச்சு."

முதலில் மைக் பிடிக்கிற பையன் சிரித்தான். பிறகு மூன்றாம் கேமராக்காரி. அவள் தோள் குலுங்கிக் கேமரா ஆடிப்போனது. நிற்கிற ஆளைப் பார்த்து யூனிட் சிரிப்பது என்பது எங்கள் உலகத்தில் நடக்காத காரியம். பின்னாலிருந்து மாரென் ஓடி வந்தாள்.

"வெண்டல்! இவ்வளவு நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? ஒண்ணுமே பண்ணாம நின்னீங்களே, அதுதான், அதுதான் வேணும்! எப்படிப் பண்ணினீங்க?"

வெண்டல் என்னைப் பார்த்தார். "தெரியலைம்மா" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

என் வாயைத் திறக்கப் போனேன். சத்தியம் வந்து குறுக்கே நின்றது. கிரேடியைக் கூப்பிட்டு வெண்டலைப் பார்க்கச் சொன்னார்கள். கிரேடி கெட்டவர் இல்லை, உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஜனங்கள் முன்னால் படம்பிடித்தபோது வெண்டலின் தொங்கிய கை, வெண்டலின் காலிக் கண், எல்லாம் கிரேடியிடம் இருந்தது. கூரை பிய்த்துக்கொள்ளும் சிரிப்பு. ஒரு மனுஷனின் வியாதியை இன்னொரு மனுஷன் சட்டை மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். அதில் ஒரு வேடிக்கை, கிரேடியைப் பார்த்து நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாளே வெண்டலை வேன் நைஸ் என்கிற ஊரில் உள்ள டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தார். உடனே கேட்காது, சில வாரம் ஆகும் என்றார். அந்தச் சில வாரமும் காலையில் நான்தான் அலாரம், நான்தான் சமையல்காரி, நான்தான் டிரைவர். மெல்ல மெல்ல மனுஷன் மேலே வந்தார். ஒருநாள் காரில் ஏறியதும் முட்டை நாற்றம் அடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதற்குள் மாரென் ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். வெண்டலுக்காகவே ஒரு வேஷம். வால்ட் என்று பேர், கஸ்ஸோடு ஆஸ்பத்திரியில் இருந்த நண்பன், பார்க்க வருகிறான். ஒரு வாரத்துக்குத்தான், ஆனால் நன்றாக வந்தால் தொடர்ந்து வரலாம். நெப்ராஸ்காவிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். கதையைக் கையில் வாங்கினபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரிய காது இரண்டும் சிவந்துபோயின.

நான் போய்த் தின்பண்ட மேசை பக்கத்தில் மாரெனை மடக்கினேன்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த வியாதியை வெச்சு ஜோக் எழுதறியே, உனக்குக் கை கூசலையா?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். பேகல் ரொட்டியில் சீஸ் தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா நான் ஸ்கூல் படிக்கும்போது ரெண்டு வருஷம் கட்டிலை விட்டு எழுந்திருக்கலை, ரமோனா. சர்ச்லேர்ந்து வர்றவங்க எல்லாம் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி குசுகுசுன்னு பேசுவாங்க. அம்மாவுக்கு அதுதான் பயம். நானும் என் தம்பியும் மட்டும் அம்மா கட்டில்ல ஏறி உக்காந்து அம்மாவைக் கிண்டல் பண்ணுவோம். 'இன்னிக்கு மகாராணி சபைக்கு வருவாங்களா?' அப்படின்னு. அம்மா சிரிப்பா. அந்தச் சிரிப்புதான் எங்களுக்குக் கிடைச்ச ஒரே..." என்று நிறுத்தினாள். "கூசும். எழுதற ஒவ்வொரு தடவையும் கூசும். எழுதலைன்னா அந்தக் குசுகுசுதான் மிச்சம். நீங்க சொல்லுங்க, எது மேல்?"

சண்டை போட வந்தவள் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வால்ட் வேஷத்து ஒத்திகை தொடங்கியது. வெண்டல் தேறியிருந்தார். தேறினது மட்டுமா, தலைகால் புரியாத சந்தோஷம். அத்தனை வருஷம் அடக்கி வைத்த நடிப்பெல்லாம் கொட்டியது. கையை வீசினார், புருவத்தைத் தூக்கினார், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு முகம். பார்க்கச் சகிக்கவில்லை. சிரிப்பே வரவில்லை.

மாரென் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வெண்டல், அந்த வியாழக்கிழமை பண்ணினீங்களே, அந்த மாதிரி."

டைரக்டரும் அதையே சொன்னார். கிரேடியும் தட்டிக்கொடுத்து, "அந்த வியாழக்கிழமை மாதிரி பண்ணுங்க தலைவா" என்றார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். வெண்டல் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

படம்பிடிக்கிற வெள்ளிக்கிழமை காலையில் காரில் வைத்து என்னிடம் சொன்னார்: "மாத்திரையை நிறுத்திட்டேன். இந்த வாரம் பூரா."

நான் காரை ஓரங்கட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? என்ன சொல்றே நீ?"

"நல்லா இருக்கும்போது எனக்கு நடிக்க வரலை ரமோனா. நீயே பாத்தியே. சரியில்லாதப்போதான் நான் நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்கியா? சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாம நின்னியே, அதுவா நல்லா இருக்கிறது?"

"அவங்க சிரிச்சாங்களே" என்றார். பிறகு, "இதுல ஒரு கொடுமை என்னன்னா, நிறுத்தியும் அது வரலை. தலை சுத்துது, கை நடுங்குது. ஆனா அந்த வெறுமை வரலை. கூப்பிட்டா வராது போல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திட்டித் தீர்த்தேன். வீட்டுக்குத் திருப்புகிறேன் என்றேன். "இந்த ஒரு நாள் மட்டும் விடு தாயே, நாளைக்கு மாத்திரை போட்டுக்கறேன்" என்று கெஞ்சினார். விட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், பார்ப்போம்.

சாயங்காலம் ஜனங்கள் வந்து படிக்கட்டு இருக்கைகளில் நிறைந்தார்கள். சிரிப்புக்கு அவர்களைத் தயார்ப்படுத்துவதற்கென்றே இருக்கிறவன் மிட்டாயை வீசியெறிந்து பாட்டுப் பாட வைத்தான். எங்கள் தொழிலில் ஜனங்கள்தான் நீதிபதி. அவர்கள் சிரித்தால் வசனம் பிழைக்கும். சிரிக்காவிட்டால் எழுத்தாளர்கள் அந்த இடத்திலேயே கூடி வேறு எழுதிக் கையில் திணிப்பார்கள். வெண்டலின் காட்சி வந்தது. நான் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

கஸ்ஸும் வால்டும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எப்படி இருக்கே?" என்று கிரேடி கேட்டார். வெண்டல் சொன்ன பதிலுக்கு இருமல் சத்தம்தான் வந்தது. வேறு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு யாரோ பாவப்பட்டுச் சிரித்தார்கள், அது இன்னும் மோசம். வெண்டலின் நெற்றியில் வியர்வை. மேக்கப்காரி வந்து ஒற்றிவிட்டுப் போனாள்.

கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. மேடையோரமாக நின்ற மாரென் கையைக் குவித்து, "வெண்டல்! அந்த வியாழக்கிழமை மாதிரி!" என்றாள்.

வெண்டல் அவளைப் பார்த்தார். கோபமில்லை. வெகுநேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, வழி கேட்டவனுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னார்: "அன்னிக்கு நான் நடிக்கலைம்மா. அன்னிக்கு எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலை. அதான் அவ்வளவு நல்லா வந்துச்சு."

இருக்கைகள் வெடித்தன. அப்படியொரு சிரிப்பை அந்த மேடையில் நான் கேட்டதில்லை. கைதட்டினார்கள், காலால் தரையை இடித்தார்கள், முன்வரிசையில் ஒரு தடியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரேடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தார். எழுத்தாளர்கள் பேப்பரும் கையுமாகக் குதித்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் சிரிக்காமல் இருந்தவர்கள் மூன்று பேர். வெண்டல், நான், மாரென்.

மாரென் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அதற்கு முன்னால் நான் ஓடிவிட்டேன். வெண்டலை செட் சுவருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனோம்.

"உண்மையா?" என்றாள் மாரென்.

"உண்மைதான்."

"ஐயோ கடவுளே. இப்போ? இப்போ எப்படி இருக்கு வெண்டல்? ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? எல்லாத்தையும் நிறுத்திடறேன், ஜனங்களை அனுப்பிடறேன்."

"அது அன்னிக்கும்மா. இன்னிக்குத் தலைதான் சுத்துது, மாத்திரையை விட்டதால."

"நல்லா விட்டான் மாத்திரையை!" என்று நான் பல்லைக் கடித்தேன்.

ஒரு எழுத்தாளர் தலையை நீட்டி, "மாரென், அதை அப்படியே வால்ட் சொல்ற மாதிரி வெச்சிடலாம், அது தங்கம்!" என்றார். அவள் பார்த்த பார்வையில் தலை உள்ளே போய்விட்டது. பிறகு வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை அழிச்சிடறேன். ஒருத்தர் கண்ணுக்கும் போகாது. உங்க வேஷம் உங்களுக்குத்தான், அதுல மாத்தமில்லை. சரியா?"

வெண்டல் வெளியே காது கொடுத்துக் கேட்டார். வெளியே இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"அழிக்காதே" என்றார்.

"வெண்டல்!" என்று கத்தினேன். "உன் உயிர் போற விஷயம். அதைக் கேட்டுக் கைதட்டறாங்க அந்தக் கூட்டம். உனக்கு உறைக்கலையா?"

"உறைக்குது ரமோனா. ஆனா கேளு. இதை நான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், உன்கிட்ட சொல்லியிருக்கேன். சொன்னதும் உங்க மூஞ்சி மாறும். அதைப் பாத்து எனக்கு இன்னும் பயம் வரும். இன்னிக்கு இருநூறு பேர்கிட்ட சொன்னேன், ஒருத்தர் மூஞ்சியும் அப்படி மாறலை. ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு." சோபா இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். "அவங்களுக்குப் புரிஞ்சு சிரிச்சாங்களா, புரியாம சிரிச்சாங்களா, அது எனக்குத் தெரியலை. அது முக்கியமான்னும் தெரியலை. இன்னொரு தடவை சொல்லிப் பாக்கறேனே."

மாரென் அழுதுகொண்டே அந்த வசனத்துக்கு ஏற்ற ஒரு கேள்வியைப் பேப்பரில் எழுதினாள். நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், ஸ்பானிஷில்.

மறுபடி சோபா. மறுபடி கேமரா. "ஆஸ்பத்திரியில எல்லாரையும் சிரிக்க வெச்சியே, எப்படிய்யா நடிச்சே?" என்று கிரேடி கேட்டார். வெண்டல் சொன்னார். அதே வசனம், அதே நிறுத்தம், அதே காலிக் கண். ஆனால் இந்தத் தடவை அவர் நடித்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக நிஜமாகவே நடித்தார், அற்புதமாக நடித்தார். சிரிப்பு முன்னைவிடப் பெரிதாக வந்தது. எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த முகத்துக்குப் பக்கத்திலேயே நின்றவள் நான்.

அந்த வாரம் ஒளிபரப்பானதும் வால்ட் பெரிய ஆளாகிவிட்டார். வெண்டல் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், ஒழுங்காகப் போட்டார், மாதத்துக்கு ஒரு வாரம் வால்டாக வந்து போனார். காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் ஆப்பிளைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்து, "என் பையன் உங்களைப் பாத்துட்டுத்தான் டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னான்" என்று விம்மினாள். அதே வாரம் ஸ்டுடியோ வாசலில் ஒரு மனுஷன் காத்திருந்து, "என் பொண்ணு இதே வார்த்தையைச் சொன்னா, ஜோக்குன்னு நினைச்சோம். இப்போ அவ இல்லை. இதுல உங்களுக்குச் சிரிப்பு வருதா?" என்று கேட்டான். வெண்டல் அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவனோடு நடைபாதையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலை. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் ரமோனா, அப்ப நான் என்ன பண்றது?" என்றார். மாரெனிடம் போய்ச் சொன்னேன். அந்த வாரம் அவள் ஒரு ஜோக்கைச் சேர்த்தாள், அடித்தாள், சேர்த்தாள்.

வெண்டல் எங்கே போனாலும் ஜனங்கள் அவரைப் பேச வைத்தார்கள். பேங்க்கில் ஒரு பெண், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள். கஸ்ஸின் பழைய பதிலை எடுத்து, "எழுந்தேன்" என்பார். போதும், சிரிப்பு. நானும் சிரிப்பேன். அவர் நன்றாகத்தான் சொல்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பருப்பு வேகப்போட்டிருந்தேன். போன் அடித்தது.

"ரமோனா" என்றார் வெண்டல். "இன்னைக்கு எழுந்திருக்க முடியலை."

அச்சு அசல் வால்ட். அந்த நிறுத்தம்கூட. நான் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். "எதுக்கு எழுந்திருக்கணும்? இருட்டினதும் கூப்பிடு!" என்று பதில் ஜோக்கும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்பில்லை. பேச்சும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"வெண்டல்? டேய் வெண்டல், விளையாடறியா? சொல்லித் தொலை. ஜோக்கா, நிஜமா?"

மூச்சுதான். சரிதான், வால்ட் கூட இப்படித்தான் இழுப்பார், சிரிப்புக்கு இடம் விட்டு. அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை. போனை வைக்காமல், பேசிக்கொண்டே, திட்டிக்கொண்டே காரை ஓட்டினேன். வழியெல்லாம் ஒரு நிமிஷம் அவர் கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்கப் போகிறார் என்று தோன்றும், கன்னத்தில் ஒன்று விடுவேன் என்று நினைத்துக்கொள்வேன். மறுநிமிஷம் வேறு தோன்றும். அதை நான் எழுத மாட்டேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. வெண்டல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் காலுறை, இன்னொன்று கையில். போன் காதிலேயே இருந்தது. கிழமைக்கு ஓர் அறை வைத்த மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், அன்றைய ஞாயிறு வரை போட்டிருந்தார்.

"நிஜமாத்தான் சொன்னியா?" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "என்னைப் பாத்துச் சொல்லு. நிஜமா, நடிச்சியா?"

போனைக் காதிலிருந்து எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

"எனக்கே தெரியலை ரமோனா" என்றார். "உன்கிட்ட சொல்லிப் பாத்தா தெரிஞ்சிடும்னு நினைச்சேன். நீ சிரிச்சிட்டே."

நான் அவர் கையிலிருந்த காலுறையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "திரும்பச் சொல்லு. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்" என்றேன்.